எவந்தியா, அசுவினி நட்சத்திரம்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எவந்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஸ்தவாங்கரின் காற்றுக்கும் மழைக்கும் நடுவில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒன்றைத் தொடங்க நீ இன்னொன்றைக் கேட்பாய், அப்பா பின்னால் வந்து நிற்பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ கதைத்துக்கொண்டிருப்பேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். அவசரமில்லை, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி.

இங்கே பனி கொட்டி, பிறகு மழை பெய்து, அதுவும் உறைந்துபோய் ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதை கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. சப்பாத்துக்கு ஆணி போட்டுக்கொண்டு போங்கோ என்று அப்பாவிடம் தினமும் சொல்கிறேன், கப்பல் தட்டிலே நடந்த காலுக்கு ஆணி எதற்கு என்று கேட்டுவிட்டு வேலியைப் பிடித்துப் பிடித்துப் போகிறார். தம்பி அபிசன் பரீட்சை முடிந்து நித்திரையும் விளையாட்டுமாக இருக்கிறான். நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில், பார்னஹாகேயில், பிள்ளைகள் பாதிப் பேர் காய்ச்சலில் வரவில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்ததெல்லாம் உன் பெயரைப் பற்றித்தான்.

போன ஞாயிறு நீ தொலைபேசி எடுத்தாய். கலியாண அழைப்பிதழ்க் காட்டில் எவந்தியா என்று போடாமல், உன் சாதகத்தில் இருக்கிற சோபிகா என்ற பெயரைப் போட வேண்டும் என்று உன் மாமியாராகப் போகிற, ஹரிசனின் அம்மா கனகம்மா அக்கா விரும்புகிறா என்றாய். கலியாணப் பதிவு எழுத்து முடிந்தால் உன் கடைசிப் பெயரும் மாறத்தானே போகிறது, ரண்டையும் ஒரேயடியாய் மாத்தினால் ஒரே அலுவலாய்ப் போகும் அம்மா, ஒன்லைனிலை பத்து நிமிஷ வேலை என்றாய். எனக்கும் இந்தப் பேரை ஆக்களுக்கு விளக்கி விளக்கிக் களைச்சுப் போச்சு, இந்த நாட்டு நொஸ்க்காரர் தமிழ்ப் பேரோ எண்டு கேக்கினம், தமிழாக்கள் நொஸ்க்குப் பேரோ எண்டு கேக்கினம் என்றும் சொன்னாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உன்ரை விருப்பம் பிள்ளை என்றார், நீயும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய். நீ வைத்த பிறகு அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காரின் கண்ணாடியில் இருந்த ஐஸைச் சுரண்டினார். அன்றைக்கு எங்களுக்குக் காரில் போக ஓரிடமும் இருக்கவில்லை. நாலு பக்கக் கண்ணாடியையும் சுரண்டி முடித்துவிட்டு, லைற்றுகளையும் சுரண்டிக்கொண்டு நின்றார். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் பெயரை நாட்டின் புள்ளிவிவரப் பக்கத்தில் தேடிப் பார்த்தீர்கள். உன் சிநேகிதிகளுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. உனக்கு எண்ணே வரவில்லை, அந்தப் பெயரில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறார்கள் என்று மட்டும் காட்டியது, நாலு பேராவது இருந்தால்தான் எண்ணைச் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து இது எங்கேயிருந்து வந்த பெயர் என்று அப்பாவைக் கேட்டாய். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அது நான் வேலை செய்த கப்பலின்ரை பேர் என்றார். என்ன கப்பல் என்று கேட்டாய். மண் ஏத்துற கப்பல் என்றார். நீ அன்றைக்கு அழுத அழுகை. உனக்கு ஆறுதல் சொல்லப் போன தம்பி, அக்காவுக்குக் கப்பல், அப்ப எனக்கு என்ன, ரெயினோ என்று கேட்டு அடி வாங்கினான். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கே பாதிதான் தெரியும். மீதியை அவர் இந்தக் கிழமைதான், சோறு போடும்போது கொஞ்சம், கார் ஓடும்போது கொஞ்சம் என்று சொல்லி முடித்தார். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்பா பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போலத்தான் இருபது வயதில் கப்பலுக்குப் போனார். கிரேக்கக்காரரின் சரக்குக் கப்பல். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரம் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரம் கொழும்பில் வந்து இறங்குகிற ஒரு தமிழ்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று கப்பலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கப்டனிடம் போய்க் கெஞ்ச அப்பாவுக்கு வாய் வரவில்லையாம். கப்டனேதான் இவரைக் கூப்பிட்டு, பேசாமல் வேலையைப் பார் என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு துறைமுகத்திலும் இவரை இறக்காமல் முதலாளிக்கு ஏதாவது ஒரு காரணம் எழுதி அனுப்பிக்கொண்டே வந்தார். இலையுதிர் காலத்தில் கப்பல் உலோக மண்ணோடு நோர்வேக்கு வந்தது. வந்த இடம் சவுடா. ஓம் பிள்ளை, உன் ஸ்தவாங்கரில் இருந்து படகில் போகக்கூடிய அதே சவுடாதான், மலைக்குள் நீண்டு போகிற கடலின் அந்தத்தில் இருக்கிறது. அங்கே வைத்துக் கப்டன் பத்திரங்களைக் கையில் கொடுத்து, இஞ்சை பொலிஸிட்டைப் போய் உன்ரை கதையைச் சொல்லு, பயப்பிடாதை, இவங்கள் அடிக்க மாட்டாங்கள் என்றாராம்.

அந்தக் கப்பலின் சாப்பாட்டு அறையில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். கறுப்புத் துணியால் தலையை மூடிய ஒரு கிழவி. கப்பல் முதலாளியின் தாய். அவவின் பெயர்தான் கப்பலுக்கு. கிரேக்கக் கப்பல்காரர் தாயின், மனைவியின், மகளின் பெயர்களைத்தான் கப்பல்களுக்கு வைப்பார்களாம். இறங்குகிற அன்று கப்டன் அப்பாவை அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், உன்னை நடுவழியிலை இறக்காமல் கொண்டுவந்தது நானில்லை, இந்த மனிசிதான், சொல்லிப்போட்டுப் போ என்றாராம். கப்டன் பகிடிக்குச் சொன்னாரா மெய்யாகச் சொன்னாரா என்று அப்பாவுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த முறையில் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்.

ஆகவே நீ ஒரு மண் ஏற்றுகிற கப்பலின் பெயரைக் கொண்டவள் இல்லை, ஒரு மனிசியின் பெயரைக் கொண்டவள். நீ பிறந்தபோது கொழும்பில் இருந்து பெரியப்பா சாத்திரியாரிடம் கேட்டு, அசுவினி நட்சத்திரம், சு, சே, சோ, லா என்று எழுத்துகளைத் தொலைபேசியில் சொன்னார். நான் சோபிகா என்று முடிவு செய்தேன். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை, பதிவிலை மட்டும் நான் சொல்லுற பேரைப் போடுவமோ என்று கேட்டார். கலியாணம் கட்டி வந்து இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனாலும் வீட்டில் சோபிகா என்று கூப்பிடலாம்தானே என்று விட்டுக்கொடுத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. தடுப்பூசிக்குப் போனால் எவந்தியா, பார்னஹாகேயில் எவந்தியா, கடைசியில் நானே எவா என்று கூப்பிடத் தொடங்கினேன். சோபிகா சாதகத்துக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

இனி நான் தேடிப் பிடித்ததைச் சொல்கிறேன். பார்னஹாகேக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற யூலியா என்ற கிரேக்கப் பெண்ணிடம் செவ்வாய்க்கிழமை கேட்டேன். உன் பெயரைக் கேட்டதும் கையில் இருந்த பிள்ளையின் கையுறையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அது தன் பாட்டியின் தங்கையின் பெயராம், இருபது முப்பது வயதில் அந்தப் பெயரோடு ஒருத்தியைத் தான் கண்டதே இல்லையாம். எவ் என்றால் நல்லது, ஆந்தோஸ் என்றால் பூ. இரண்டும் சேர்ந்தால் நன்றாகப் பூத்தவள் என்று சொல்லலாம். பழங்காலத்தில் பூத்துக் கிடக்கிற புல்வெளியையும், இளமையோடு நிற்கிற ஆட்களையும் இதே சொல்லால்தான் வர்ணித்திருக்கிறார்களாம். கிரேக்கக் கதைகளில் அழகுத் தேவதைகள் மூவரின் தாய்க்கும் இதை ஒட்டிய பெயர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பிறகு கிறிஸ்தவம் வந்த தொடக்க காலத்தில், கணவனோடும் மகனோடும் சேர்ந்து நம்பிக்கைக்காக உயிரைவிட்ட ஒரு பெண்ணின் பெயராகவும் இருந்திருக்கிறது, செப்டெம்பரில் அவவுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். கிரேக்கரிடம் தகப்பனின் தாயின் பெயரை மூத்த மகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்ததால் இந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக உயிரோடு வந்திருக்கிறது. இப்போது அந்த வழக்கம் தளர, பெயரும் அரிதாகிக்கொண்டு போகிறது. என் பெயர் ராசமலர். மலர் பெற்ற பிள்ளைக்கு, பொருள் தெரியாமலே ஒரு மனுஷன் பூ என்று பெயர் வைத்திருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன். அப்பிடியோ என்றார். பிறகு மூன்று தரம் அறைக்குள் வந்து, என்ன சொன்னனீர், நல்ல பூவோ என்று கேட்டார்.

இந்தத் தைரியத்தோடு புதன்கிழமை ரொம்சோஸுக்குக் கனகம்மா அக்கா வீட்டுக்குப் போனோம். சண்டைக்கில்லை, காட்டின் வாசகத்தைப் பற்றிக் கதைக்கத்தான். அவ நல்ல மனுஷி, உனக்கென்று முருக்கங்காய்க் கறி சமைத்து ஐஸில் வைத்திருக்கிறா, அடுத்த முறை நீ வரும்போது தருவாவாம். ஆனால் பெயர் விஷயத்தில் அசையவில்லை. ராசமலர், பிள்ளையிலை எனக்கொரு குறையும் இல்லை, ஆனால் காட்டைப் பாத்தால் நாலு பேர் என்ன சொல்லுவினம், சின்னராசாவின்ரை பொடியன் கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளையை எடுக்கிறான் எண்டெல்லோ கதைப்பினம் என்றா. நான் பூவைச் சொன்னேன், புல்வெளியைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். நேர்மையாக இருப்போம் என்று அந்த உயிரைவிட்ட பெண்ணையும் சொன்னேன், அதுதான் வினையாகிவிட்டது. பாத்தியளே, நீங்களே சொல்லுறியள், வேதப் பேர்தானே என்று கையைத் தட்டினா. எனக்குக் கோபம் வந்தது. உங்கட மூத்த மருமகள் சிந்தியா ஆர் அக்கா, விபூதி பூசாமல் வெளிக்கிடாத பிள்ளை, அதின்ரை பேரும் கிரேக்கப் பேர்தான், அந்த நாட்டிலை ஒரு தீவிலை இருக்கிற மலையின்ரை பேரிலை இருந்து வந்தது, அவையின்ரை ஒரு பெண் தெய்வத்துக்கு அந்தப் பேர் என்றேன். கனகம்மா அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தா. சிந்தியா எங்கட பேர் ராசமலர், எங்கட ஒழுங்கையிலையே மூண்டு சிந்தியா என்றா. அவவின் கணவர் சின்னராசா அண்ணை பத்திரிகைக்குப் பின்னால் இருந்து, நாலு, தபாற்கந்தோர்க்காரரின்ரையை விட்டிட்டீர் என்றார்.

திரும்பி வரும்போது காரில் எனக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. நாலு பேருக்கு இருந்தால் அது எங்கள் பெயர். ஒருத்திக்கு மட்டும் இருந்தால் அது அந்நியப் பெயர். நோர்வேயின் கணக்கும் எங்களுடைய கணக்கும் இதில் ஒன்றுதான். உன் பெயரின் குற்றம் அது கிரேக்கம் என்பதில்லை, அதற்குத் துணை இல்லை என்பதுதான். அப்போதுதான் அப்பா இன்னொன்றையும் சொன்னார். அந்தக் கப்பலைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தாராம். முதலாளி விற்றுவிட்டாராம், வாங்கினவர்கள் பழைய பெயருக்கு மேலே மை அடித்து வேறு பெயர் எழுதினார்களாம், பிறகு எங்கேயோ ஒரு கரையில் ஏற்றி உடைத்துவிட்டார்களாம். கப்பலை வித்தால் பேரை மாத்துறதுதான் வழக்கம், அதிலை பிழையில்லை என்றார். இதை உன்னைக் கட்டிப்போட எழுதவில்லை மகள். அவர் உன்னிடம் ஒருபோதும் சொல்ல மாட்டார், அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மருட் கோயிலுக்குப் போனோம். கனகம்மா அக்காவும் அண்ணையும் வந்து எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். அப்பா வழக்கம்போல அர்ச்சனைத் தட்டைக் கொண்டுபோனார். நீ பிறந்த காலத்திலிருந்து அவர் சொல்கிற வசனம் எனக்குப் பாடம், எவந்தியா, அசுவினி நட்சத்திரம், மேட ராசி. அன்றைக்கு அவர் ஐயரிடம், சோபிகா, அசுவினி, மேட ராசி என்றார். அவரே மாற்றிவிட்டார். உன் விருப்பத்தை உனக்கு முன்னால் முருகனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆர் பத்மநாதன் அண்ணை இந்தச் சோபிகா, உங்களுக்கு எவந்தியா எல்லோ பிள்ளை, வேறை ஆரேன் வீட்டுப் பிள்ளையோ என்று கேட்டார். அப்பாவுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஐயர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே திரும்பி, அசுவினீ நக்ஷத்ரே, மேஷ ராசௌ, எவந்தியா நாம்ன்யா என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். ஒரு தடங்கலும் இல்லாமல், மந்திரத்தோடு மந்திரமாக, அந்தக் கிரேக்கக் கிழவியின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்தது. அப்பா கையைத் தலைக்கு மேலே கூப்பியவர் தீபம் காட்டி முடியும்வரை இறக்கவில்லை.

பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் கனகம்மா அக்கா பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தா. ஐயரே வாயாலை சொல்லுறார், பேந்தென்ன, கோயிலுக்குள்ளை சொல்லுற பேர் எப்பிடி வேதப் பேராகும் என்றா. நான் வாயைத் திறப்பதற்கிடையில், நீங்கள் இதையெல்லோ முதலே சொல்லியிருக்க வேணும், பூ எண்டியள், புல்லு எண்டியள், கப்பல் எண்டியள், ஒண்டும் விளங்கேல்லை எனக்கு என்று என்னையே பேசிவிட்டுப் போனா. நான் ஒரு கிழமை தேடிப் படித்ததை ஐயர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். அவவைப் பொறுத்தவரையில் காட்டில் இப்போது எந்தப் பெயரும் போடலாம்.

ஆகவே இனி உன் கையில்தான் இருக்கிறது. கனகம்மா அக்காவுக்காக மாற்றத் தேவையில்லை. உனக்காக மாற்ற வேண்டும் என்றால், விளக்கிக் களைத்துவிட்டது மெய்யென்றால், நான் குறுக்கே நிற்க மாட்டேன், அப்பாவும் நிற்க மாட்டார், அதை அவர் வெள்ளிக்கிழமையே செய்து காட்டிவிட்டார். ஒன்று மட்டும் யோசி. இவ்வளவு காலமும் நீ விளக்கத் தெரியாத ஒரு பெயரை விளக்கிக்கொண்டிருந்தாய். இப்போது உனக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஒரு முறையாவது அதை ஒருவருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடு. முதலில் ஹரிசனுக்குச் சொல்லு, அவனும் அது நொஸ்க்குப் பெயர் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பான். கடைசிப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நான் கலியாணம் கட்டி வந்தபோது என் அப்பாவின் பெயரான சச்சிதானந்தன் என்பதை விட்டுவிட்டுப் பத்மநாதன் ஆனேன். அதுதான் வழக்கம், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. இங்கே நடுப்பெயர் என்று ஒன்று வைக்கலாமே, சின்னராசாவுக்கு முன்னால் பத்மநாதனையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. காட் அச்சடிக்கக் கனகம்மா அக்கா சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் முடிவைச் சொல்லு.

இன்னொரு சந்தோஷமான விஷயம். இவ்வளவு காலமும் சவுடாப் பக்கம் போக மாட்டேன் என்றிருந்த அப்பா, ஈஸ்டர் விடுமுறைக்கு உன்னிடம் வந்து, அங்கேயிருந்து உன்னோடு படகில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். தான் இறங்கின இடத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமாம். படகு நேரத்தைப் பார்த்து வை. தம்பியும் வருவான், வாயை மூடிக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

மீனெண்ணெய் ஒழுங்காகக் குடி, இருட்டு மாதங்களில் மனம் சோர்வது வைட்டமின் குறைவாலும்தான். வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. கழுத்தை மூடிக்கொள். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் முருகனின் துணையும் உனக்கும் ஹரிசனுக்கும் எப்போதும் இருக்கட்டும், எந்தப் பெயரோடு வாழ்ந்தாலும் நீ நிறைந்து பூத்திருக்க வேண்டும்.

உறையில் விலாசத்தை எழுத அப்பாவிடம் கொடுத்தேன். பேனையைப் பிடித்தபடி, எந்தப் பேரை எழுதிறது என்று என்னைக் கேட்டார். தபாற்காரனுக்குத் தெரிஞ்ச பேரை எழுதுங்கோ என்றேன். பெரிய எழுத்தில், ஒரு கப்பலின் முகப்பில் எழுதுவது போல எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
ராசமலர் சச்சிதானந்தன் பத்மநாதன்
(எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது)